அக்கரைக்குத் தள்ளிய ஆகாயத்தாமரை

இன்று காலை எங்கள் குளத்தில் ஓர் இயந்திரப் படகு ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் குவித்தது. அழுகிய வேரின் நாற்றம் அடுக்களை வரை வந்தது. அம்மையின் சேலையில் எப்போதும் இருந்த நாற்றம் அது.

அம்மைக்கும் அக்கரையில் குடியிருந்த பெரியம்மைக்கும் ஏதோ வரப்புத் தகராறு; பேச்சு கிடையாது. எங்கள் படித்துறையில் மண்டும் ஆகாயத்தாமரையை அம்மை காலையில் மூங்கில் கம்பால் அக்கரைப் பக்கம் தள்ளிவிடுவாள். சின்னக் குளம்தான், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். சாயங்காலம் பெரியம்மை அதை அப்படியே திருப்பி அனுப்புவாள்.

"பாத்தியா ஏட்டி, அவளுக்க கொழுப்ப!" என்று அம்மை என்னிடம் பொருமுவாள்.

ஒருநாள் சாயங்காலம் எதுவும் திரும்பி வரவில்லை. படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்த அம்மை கம்பைக் கீழே போட்டாள்.

"அக்காவுக்கு என்னமோ ஆச்சுட்டி" என்று கரையைச் சுற்றி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

பெரியம்மை காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அம்மையைக் கண்டதும், "நாளைக்குத் தள்ளுகேன், போ" என்றாள். அம்மை கஞ்சி வைக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.

இப்போது இருவரும் இல்லை. அக்கரை வீடு பூட்டிக் கிடக்கிறது. இக்கரையில் நான் மட்டும்.

"அக்கா, கொளம் சுத்தமாச்சு. இனி நிம்மதியா குளிக்கலாம்" என்று படகுக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

படியோரம் ஒரு கொத்து மட்டும் தப்பியிருந்தது. கம்பெடுத்து அதை அக்கரைக்குத் தள்ளிவிட்டேன்.

சாயங்காலமும் அது அங்கேயே கிடந்தது.