மாஸ்டர் நம்பாத படம்

என் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடியில் ஒரு காலத்தில் கையகல இடம் மட்டும் புழுதியில்லாமல் இருந்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊரூராகத் திரிந்த நான், சுனாமிக்குப் பிறகு அந்தப் பெட்டியையும் ஒரு சீடி பிளேயரையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு முகாம்களில் படம் ஓட்டினேன். தன்னாமுனைப் பக்கத்து முகாமைப் பார்த்துக்கொண்டவர் கிரான் ஊரைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர். படத்தில் தாய் செத்தால் முகாமே அழும். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கண் காய்ந்து கிடந்தவர்களும் அழுவார்கள். மாஸ்டருக்கு அது பிடிக்காது. கவிஞரையும் நாடகக்காரரையும் ஊருக்குள் விடக் கூடாதென்று பழைய கிரேக்கத்தில் ஒரு ஞானி சொன்னாராம். பொய்த் துக்கத்துக்கு அழுது பழகியவன் சொந்தத் துக்கத்தில் நிமிர்ந்து நிற்கமாட்டானாம்.

"நீ கொண்டுவாறது நிழல்ர நிழல் மனே," என்பார்.

"அந்தக் கிரேக்கர் சுனாமி கண்டவரோ மாஸ்டர்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படம் மறைக்குது," என்றாள் மீன் விற்கும் ஒருத்தி. முகாம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

போர் முடிந்து சில மாதங்களில் அவரே என்னைக் கிரானுக்குக் கூப்பிட்டார். வன்னியிலிருந்த மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போரில் செத்தவர்களைப் படம் பிடித்ததென்று கைமாறி வந்த சீடி ஒன்று கிடைத்திருந்தது. போட்டுப் பார்க்க அந்த வீட்டில் பெட்டி இல்லை. போட்டேன். இறந்தவர்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். மூன்றாவது முகத்தில், சுவரில் மாட்டியிருந்த மகனின் பள்ளிக்கூடப் படத்திலிருந்த அதே புருவத் தழும்பு.

"நிப்பாட்டு," என்றார் மாஸ்டர்.

படத்தை அப்படியே நிறுத்தினேன். அவர் மனைவி எழுந்து வந்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியில் அந்த முகத்தைத் துடைத்தார். நான் வந்த வழியில் அப்பிய கிரவல் ரோட்டுப் புழுதி போய் முகம் இன்னும் தெளிவானது.

"நம்மட புள்ளதான். எட்டாம் நாளும் போச்சு, முப்பத்தொண்டாம் நாளும் போச்சு. இனியாவது செய்யவேண்டியதச் செய்வம்."

"படம்தானே கா. நிழல்ர நிழல். இதப் பாத்து ஆரும் புள்ளைக்குக் கடமை செய்வாங்களா?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மனே. இந்தப் பெட்டியில எத்தின பேர் செத்ததக் காட்டியிருப்பாய்? அதில ஆர் உண்மையாச் செத்தவன்?"

"ஒருத்தரும் இல்ல மாஸ்டர்," என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு உள்ளே போனார். மகனுக்கு ஒரு பிடி அன்னம் படைக்காமலே சில வருடங்களில் இறந்துபோனார். இப்போது அந்தச் சுவரில் அவர் படத்துக்கு மாலை இருக்கிறது. பக்கத்தில் மகனுடைய படத்துக்கு இல்லை. மாஸ்டர் இன்னும் காத்திருக்கிறார்.

நான் படம் ஓட்டுவதை விட்டு நாளாகிவிட்டது. பெட்டி முழுக்க இப்போது ஒரே புழுதி. துடைக்கப் போனால் கை முதலில் அந்த அம்மா துடைத்த இடத்துக்குத்தான் போகும். அதனால் துடைப்பதில்லை.