தோட்டத்தில் இருப்பவளுக்கு வேலை இருக்கிறது

எண்பதுகளின் நடுவில் ஃபேக்டரிகள் ஆட்களைக் கும்பல் கும்பலாக வீட்டுக்கு அனுப்பின. அப்போது நான் மலேசியாவில் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சின்ன கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். வேலை இல்லாதவர்கள் வந்து பெயர் பதிவார்கள். கார்டு கொடுப்போம். ஃபேக்டரி ஆள் கேட்டால் கார்டு உள்ளவர்களை அனுப்புவோம். எங்கள் வேலை இவ்வளவுதான்.

வேலை இல்லாதவர் யார் என்பதற்கு விதியில் ஒரே வரி. வேலை இருக்கக் கூடாது, வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் அந்த வரியை எப்படிப் புரிந்துகொள்கிறாரோ, வருகிறவர்களுக்கு அதுதான் விதி.

எங்கள் கவுண்டரில் உட்கார்ந்தவர் பெரிய கிராணி. அவருடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். லஞ்சம் வாங்கியதில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் சிடுசிடுப்பார். ஆனால் தோட்டத்திலிருந்து வருகிறவர்களை மட்டும் முதலில் கையை நீட்டச் சொல்வார். நகக்கண்ணில் ரப்பர் பால் கறுத்து ஒட்டியிருந்தால் கார்டு கிடையாது. "ஒனக்கு வேலை இருக்கு, போ."

வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். "இது ஜோசியக் கடைடா. கையக் குடு, கல்யாணம் எப்பன்னும் சொல்லுவாரு."

பிறகு ஆட்கள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். அவர் மோந்து பார்க்க ஆரம்பித்தார். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் அதுவும் சாட்சி.

அவர் கணக்கில் தோட்டத்தில் வேலை இல்லை என்ற பேச்சே கிடையாது. மரம் நிற்கிறது. பாலுக்கு அதைச் சீவ ஆள் பற்றாமல் இந்தோனேசியாவிலிருந்து ஆள் வருகிறது. அப்படி இருக்கும்போது சீவ மாட்டேன் என்பவள் வேலை இல்லாதவள் அல்ல, வேலையைப் பொறுக்கி எடுக்கிறவள். எங்கள் மலாய் அதிகாரியும் தம் மொழியில் இதையேதான் சொல்வார். மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கைகளில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் கோப்பில் போட்டவள் நான்தான்.

ஒரு புதன்கிழமை ஒரு பெண் வந்தாள். சுங்கைவே பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் மூன்று வருஷம் மைக்ராஸ்கோப் பார்த்து வேலை செய்தவள். ஆட்குறைப்பில் வெளியே அனுப்பிவிட்டார்கள். தோட்டம் அம்மாவுக்குக் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். காலையில் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் போய்ப் பால் எடுத்துக் கொடுப்பாள். சம்பளம் அம்மா பெயரில் மட்டும்தான்; தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் இவள் பெயர் கிடையாது. ரவாங்கில் புதிதாகத் திறந்த ஒரு ஃபேக்டரிக்குப் பெண்கள் வேண்டுமென்று எங்களிடம் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வேன் வரும். அதற்குள் அவளுக்குக் கார்டு வேண்டும்.

"கையக் காட்டு," என்றார் பெரிய கிராணி.

காட்டினாள். தேய்க்கவில்லை போலிருக்கிறது. நகம் எல்லாம் கறுப்பு.

"மரம் சீவுற."

"இல்லய்யா. அம்மாவுக்குப் பால் எடுத்துக் குடுக்கிறேன். எம்பேரு செக்ரோல்ல இல்ல."

"அது வேலை இல்லாம வெளையாட்டா?"

"வேலைதான்யா. சம்பளந்தான் இல்ல."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. "ஒனக்கு வேலை இல்லன்னு தோட்டத்து ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வா. அப்பறம் பாப்போம்."

எனக்கு அப்போதே தெரியும். நானும் லயத்தில் பிறந்தவள். லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான். வளர்ந்த பிள்ளை வேலை செய்யாமல் அங்கே இருக்கிறது என்று எழுதிக் கேட்பது, வீட்டை எடுத்துக்கொள் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். பெரிய கிராணிக்கும் அது தெரியும். அவருடைய அப்பா தோட்டத்து ஆபீசில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தானே.

வெள்ளிக்கிழமை அவள் வெறுங்கையோடு வந்தாள். கவுண்டருக்குப் போகாமல் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"தோட்டத்துக் கிராணி லெட்டர் குடுக்க மாட்டாராம்க்கா. சும்மா இருக்கிற ஆளுக்கு எதுக்கு வீடுன்னு கேக்குறாரு. திங்கக்கெழம விடியக்காலைல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து பேரக் குடு, இல்லன்னா வெளிய போன்னு சொல்லிட்டாரு. அம்மா ஒரே அழுகை. பேரக் குடுத்துருடீங்குது."

"நீ என்னா சொன்ன?"

"குடுத்தா நான் அங்கயேதாங்க்கா."

நான் பெரிய கிராணியிடம் போய்ச் சொன்னேன்.

"பாத்தியா? தோட்டத்துக் கிராணியே வேலை குடுக்கிறேங்கிறாரு. அப்பறம் என்னா வேலை இல்லாதவ?"

"வேலை குடுக்கல சார். வீட்ட வச்சு மெரட்டுறாரு."

"நீ தோட்டத்துப் பொண்ணு. அதான் ஒனக்குச் சூடு ஏறுது. சும்மா இரு லா."

அதிகாரியிடமும் போனேன். பெரிய கிராணிக்கு அனுபவம் அதிகம், அவர் சொல்வதைக் கேள் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். விதியை யாரும் மீறவில்லை. அவளைத் தடுக்க யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை வேன் வந்தது. ஃபேக்டரியிலிருந்து சூப்பர்வைசர், ஒரு சீனப் பெண், கூட வந்திருந்தாள். நாங்கள் கொடுத்த பெயர்களில் பாதிப் பேரைக் காணோம். சிலர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருந்தார்கள், சிலர் கோலாலம்பூருக்கே போய்விட்டிருந்தார்கள். அந்தக் கார்டுகள் எல்லாம் எங்களிடம் உயிரோடுதான் இருந்தன.

"வேற ஆள் இல்லையா?" என்று அவள் மலாயில் கேட்டாள்.

"பதிஞ்சவங்க இவ்வளவுதான்," என்றார் பெரிய கிராணி.

அந்தத் தோட்டத்துப் பெண் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். பெரட்டுக்குப் போகவில்லை. கையில் ஒரு துணிப்பை. நான் அவளை வரச் சொல்லவில்லை. சாலையைக் கடந்து வந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், நேரே சூப்பர்வைசரிடம் மலாயில் பேசினாள். மூன்று வருஷம், மைக்ராஸ்கோப், எந்த மிஷின், எந்த ஷிஃப்ட். ஹாஸ்டல் இருக்கிறதா என்றும் கேட்டாள். இருக்கிறது என்றாள் சூப்பர்வைசர். கார்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏய், அது கார்டு இல்லாத பொண்ணு!" என்று பெரிய கிராணி தமிழில் கத்தினார். சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண் வேனில் ஏறினாள். வேன் போய்விட்டது.

அன்று மத்தியானம் அதிகாரி, வேனில் எத்தனை பேரை ஏற்றினோம் என்று கேட்டார். பாதி வேன் என்றால் மேலே கேள்வி வரும்.  பெரிய கிராணி என் மேசைக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணையும் நம்ம அனுப்பினதா சேத்துக்குவோம். ஒரு கார்டு போடு. போன வாரத் தேதி போடு."

"அவளுக்கு வேலை கெடச்சிருச்சே சார். இப்ப எப்படி வேலை இல்லாதவளா எழுதுறது?"

"எழுது லா. வேலை இல்லாதவதானே வேலைக்குப் போக முடியும்?"

"அதத்தான் அவ புதன்கெழமையே சொன்னா. நீங்களே எழுதிக்குங்க சார்."

அவரே உட்கார்ந்து எழுதினார். தோட்டத்து விலாசத்தைப் போட்டார். தொழில் என்ற இடத்தில், கொஞ்சமும் தயங்காமல், இல்லை என்று எழுதினார்.