பட்டியலில் இல்லாத பதினைந்தாவது தாள்

பொறியியல் கவுன்சலிங்குக்காகப் பதினான்கு சான்றிதழ்களைப் பட்டியல் போட்டு, அதே வரிசையில் ஃபைலில் அடுக்கியிருந்தேன். தாம்பரத்தில் அப்பாவோடு ரயில் ஏறுமுன் இரண்டு முறை சரிபார்த்தேன். போய்ப் பார்த்தால், நான் ஆசைப்பட்ட எலெக்ட்ரானிக்ஸில் நான்கே இடங்கள் பாக்கி.

எங்கள் முறை வந்தது. ஃபைலைப் புரட்டிய அதிகாரி, பதினைந்தாவதாக ஒரு தாளை உருவினார். எங்கள் ஏரியா அரசியல் பிரமுகர் எழுதிய சிபாரிசுக் கடிதம்! நான் என் பட்டியலை எடுத்து நீட்டினேன்.

“இது என் லிஸ்ட்லயே இல்லை சார்!”

“சட்டைப் பையில வெச்சிருந்தேன். ரயில்லதான் உள்ள சொருகினேன், ஒரு சேஃப்டிக்கு...” என்று அப்பா முனகினார்.

அதிகாரி மேஜை டிராயரைத் திறந்தார். அதே கையெழுத்தில் ஆறு கடிதங்கள். “காலையிலேர்ந்து இது ஏழாவது சார். ஏழு பேருமே அவருக்கு நெருங்கின சொந்தமாம்.”

“ஏழு பேரா? எனக்கு மட்டும்தான் தர்றேன்னு சொன்னாரே!” அப்பாவுக்கு வந்ததே கோபம்!

“இங்க ரேங்க் மட்டும்தான் சார். உங்க பொண்ணுக்கு அதுவே போதும்” என்றவர், கடிதத்தை அந்த ஆறோடு போட்டுவிட்டு எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் ஒதுக்கினார்.

இப்போதெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் பட்டியல் எழுதித் தருவது நான்தான். கடைசி வரி மட்டும் மாறாது: ‘ரயில் ஏறுமுன் அப்பாவின் சட்டைப் பையைச் சோதிக்கவும்.’