கம்பி எடுத்த பிறகும் வலித்த கை

மாடு கட்டுகிற கட்டுத்தறியில் வழுக்கி விழுந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சாணியில் கால் போயிற்று, வலது கையை ஊன்றினேன், அவ்வளவுதான். மணிக்கட்டு அகப்பைக் காம்பு மாதிரி வளைந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, சாயங்காலப் பாலை யார் பீச்சுவது என்பது. வலி அப்புறம்தான் வந்தது.

பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். தென்னையும் நெல்லும் வீட்டுக்காரர் பொறுப்பு, மாடு என் பொறுப்பு. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்த பிரிவினை இல்லை. கல்யாணமாகி வந்த மறுவாரம் மாமியார் பால் சட்டியைக் கையில் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். முப்பது வருஷமாகக் காலை ஐந்து மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் நான்குக்கு ஒரு தரம். காய்ச்சல் என்றால் போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்காருவேன். வீட்டுக்காரர் அதுவரை ஒரு மாட்டின் மடியைத் தொட்டதில்லை.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். "எலும்பு நேரே வந்திட்டுண்டு. ஒரு வாரம் கழிஞ்ஞு படம் எடுத்துப் பாக்கணும். அதுவரை அந்தக் கை வச்சு ஒரு பணியும் செய்யான் பாடில்ல, கேட்டோ" என்றார். ஒரு வேலையும் செய்யக்கூடாது என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாளே அந்தக் கையை வைத்துப் பணி செய்தேன். இரண்டு மாடுகளில் சாதுவான கிழம் வீட்டுக்காரருக்கு எப்படியோ பால் கொடுத்துவிட்டது. மற்றது, கறுப்பும் வெள்ளையுமானது, அவரை உதைத்துத் தள்ளியது. சுரப்பே விடவில்லை. மடி கல்லாக இறுகிக் கிடந்தது. இன்னும் ஒரு வேளை போனால் மடிநோய் வந்துவிடும். கையைத் தாங்கியிருந்த கழுத்துத் தொட்டிலைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். இடது கையோடு, மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கை விரல்களையும் சேர்த்துப் பிடித்தேன். மாடு உடனே பாலை விட்டது. கட்டுக்குள்ளே ஏதோ நகர்ந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சட்டி நிறையும் வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு அத்தனை கொழுப்பு.

ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தில் எலும்பு விலகியிருந்தது.

"இந்தக் கை வச்சு ஏதாச்சும் பணி செய்தோ?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்."

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

அதனால்தான் கம்பி. தோளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள், முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் தொங்கவிட்டார்கள். பலகையில் துளை போடுகிற மாதிரிச் சத்தம் கேட்டது, வலிக்கவில்லை. இரண்டு கம்பிகள் தோலைத் தாண்டி எலும்புக்குள் இறங்கின. உள்ளே போய்விடாமல் இருக்க வெளி நுனிகளை வளைத்துவிட்டு, மேலே மறுபடி கட்டுப் போட்டார்கள். மாட்டுக்கு முளையடிப்பது போல எனக்கும் அடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நனையக்கூடாது, தூக்கக்கூடாது, விரலை மட்டும் மடக்கி நீட்ட வேண்டும். ஆறு வாரம்.

பக்கத்துத் தோட்டத்து அக்காதான் வழி சொன்னார். "உம்பட நைட்டிய மாட்டிக்கிட்டு உக்காரச் சொல்லு. மாட்டுக்கு வாசந்தானே கணக்கு."

வீட்டுக்காரர் என் பூப்போட்ட பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் என் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் மாட்டின் முகத்துக்கு நேரே நின்று பேச்சுக் கொடுத்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் உதை வாங்கினார். மூன்றாம் நாள் பால் வந்தது. பத்து நாளில் நான் பக்கத்தில் நிற்கவே வேண்டாம் என்றானது.

அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு எனக்கு வேலை இல்லை. படுத்துக் கிடந்தேன். பகலிலும் தூங்கினேன். எனக்குள் இத்தனை அலுப்பு இருந்தது என்று அதுவரை தெரியாது. படுக்கப் படுக்க அது கூடிக்கொண்டே போனது.

ஆறு வாரம் முடிந்ததும் டாக்டர் குறடால் கம்பிகளை உருவினார். முள் எடுக்கிற வலிதான். கை சூம்பிப்போய், தோல் உரிந்து, வேறு யாருடைய கையோ போல் இருந்தது. பயிற்சி சொல்லித் தருகிற பெண் தினமும் ஒரு துண்டை நனைத்து முறுக்கிப் பிழியச் சொன்னாள். முதல் வாரம் ஒரு சொட்டு இறங்கவில்லை. மூன்றாம் மாதம் துண்டைச் சொட்டில்லாமல் பிழிய முடிந்தது.

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. "இன்னும் வலிக்குதுங்க" என்றேன். கை விறைத்துப்போகும் என்ற பயத்தில் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு பயிற்சி செய்வேன், வெளியே வந்தால் காப்பி டம்ளரை இடது கையில் வாங்குவேன். அவரோ காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை.

ஒருநாள் காலை பால் சட்டியோடு வந்தவர் கொடிக்கு அடியில் நின்றுவிட்டார். அப்போதுதான் நான் துண்டை அங்கே காயப்போட்டிருந்தேன். இத்தனை மாதமும் நான் ஒற்றைக் கையால் பிழிந்து போட்ட துணி சொட்டிச் சொட்டி அந்த இடம் சேறாகவே கிடக்கும். அன்று தரை காய்ந்திருந்தது. தரையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"கை வலிக்குதா அம்மிணி?"

வலிக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வலிக்கலீங்க" என்று வந்துவிட்டது.

"அப்பறம்?"

"அலுப்பா இருக்குதுங்க. முப்பது வருசமா அலுப்பா இருக்குது."

சட்டியைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சாயந்திரம் பொழுதோட நீ பீச்சிக்கோ. காத்தால நான் பீச்சிக்கறேன், நீ தூங்கு."

மறுநாள் ஐந்து மணிக்கு எனக்கு முழிப்பு வந்துவிட்டது. அவர் எழுந்து போகும் சத்தம் கேட்டது. நைட்டியை நான் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன், ஈரம் காய்ந்திருக்காது. ஈரத்தோடு எடுத்து மாட்டிக்கொள்ளப் போகிறாரே என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கொடிப் பக்கமே போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கட்டுத்தறிக்குப் போனார். உதை விழப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சட்டியில் பால் விழும் சத்தம்தான் கேட்டது.

அப்படியானால், பழகியிருந்தால் எந்த மாடும் அவருக்கும் கொடுத்திருக்கும். முப்பது வருஷமும் கொடுத்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை.