எந்த இருபத்தஞ்சு?

திரைச்சீலை தைக்கும் அந்தப் பெண்ணுக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டியிருந்தது. துணிச் சுருள்களை வாடிக்கையாளர் வீட்டில் சேர்க்க, ஒவ்வொரு முறையும் கணவனின் முகம் பார்த்து நிற்பது அவளுக்கு அலுத்துவிட்டது.

இரண்டு முறை தேர்வுக்குப் போனாள். இரண்டு முறையும் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி உதறிக்கொண்டு அணைந்தது. தேர்வு அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். கணவன் மருந்துக்கடைக்காரன். இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடம்கூட, "எங்க வீட்டம்மாவுக்கு கிளட்ச் கால் வராதுங்க" என்று சொல்லிச் சிரித்தான். அவளும் நம்பிவிட்டாள். நாளெல்லாம் தையல் எந்திரம் மிதிக்கிற கால் இதில் மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று தன்மீதே எரிச்சல். மூன்றாவது முறையும் தோற்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடுவதாக இருந்தாள்.

அவள் தேர்வுக்குக் கொண்டுபோன கார் கணவனின் அண்ணன் ஓட்டிக் கழித்தது. கொடுக்கும்போது அவர், "பிளக் கேப் இருபத்தஞ்சு வைப்பா" என்று மட்டும் சொன்னார். பிளக்கின் நுனியில் தீப்பொறி தாண்டுகிற சந்து அது. தம்பிக்கு அது வேதவாக்கு. புதிதாக அளவுத் தகடு வாங்கி, பாயிண்ட் இருபத்தைந்து என்றிருந்த தகட்டை நுழைத்து, ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் தட்டித் தட்டிச் சரிசெய்தான்.

மூன்றாவது தேர்வுக்கு முந்தைய மாலையும் அதே வேலையில் இறங்கினான். அவள் டார்ச் பிடித்தாள்.

"இருபத்தஞ்சுன்னா, எந்த இருபத்தஞ்சு?"

"எந்தன்னா?"

"என் டேப்புல ஒரு பக்கம் இன்ச், ஒரு பக்கம் சென்டிமீட்டர். எந்தப் பக்கம்னு கேக்காம நான் கத்தரிக்கோலையே எடுக்க மாட்டேன்."

மில்லிகிராம் கேட்காமல் மாத்திரை எடுத்துக் கொடுக்காதவன் தகட்டைத் திருப்பிப் பார்த்தான்; 'மி.மீ.' என்றிருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டு அதைச் சொன்னான்.

"இன்ச்சுலடா, ஆயிரத்துல இருபத்தஞ்சு! உன் மில்லிமீட்டர் தகடுன்னா பாயிண்ட் அறுபத்தஞ்சுகிட்ட வரும். இவ்வளவு ஒட்டி வெச்சா பொறி பத்தாம அணையத்தான் செய்யும்."

சந்தை அகட்டியதும் எஞ்சின் உதறாமல் ஓடியது.

"அப்ப ரெண்டு தடவையும் என் கால் இல்லையா?"

"இல்ல. விடு, யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க?"

அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியது.

மறுநாள் தங்கையைத் துணைக்கு அழைத்துப் போய்த் தேறினாள். நேரே மருந்துக்கடை வாசலுக்கு ஓட்டிவந்து, எஞ்சினை அணைக்காமல் கண்ணாடியை இறக்கினாள். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"இவங்ககிட்டயும் சொல்லுங்க," என்றாள் கணவனிடம்.

அவன் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தான். "அவ கால் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அளவைத் தப்பா வெச்சேன்," என்றான்.

"இங்க வரைக்கும் கேக்கல," என்றாள் அவள்.