பந்தைத் தொடாத ஆட்டக்காரர்

திருகோணமலை இறங்குதுறையில் மூதூர் போகும் லாஞ்சுப் படகுக்காகக் காத்திருக்கிறேன். என் பக்கத்தில் ஓர் அமெரிக்கர், வாங்குப் பலகையில் மூன்று பேரின் இடத்தைப் பிடித்தபடி. கூப்பனுக்குக் கொடுக்கும் கோதுமை மா கொண்டுவந்த கனடாக் கப்பலில் வேலை. அதற்கு முன் ஒன்பது வருடம் கனடாவில் சம்பளத்துக்கு ஃபுட்போல் விளையாடியவராம். பந்தைக் கையால் எறிந்து ஆடும் அவர்களுடைய ஃபுட்போல். சொந்த நாட்டில் ஒரு அணியும் எடுக்கவில்லையாம்.

லாஞ்சுக்குக் கயிறு பிடிப்பவர் என்னிடம் கேட்கிறார்: "எத்தனை கோல் போட்டவராம்?"

கேட்டுச் சொல்கிறேன். "ஒண்டும் இல்லையாம். ஆட்டத்தில பந்தைத் தொட்டதும் இல்லையாம்."

"அப்ப ஒன்பது வருசமும் என்ன செய்தவர்?"

அமெரிக்கர் எழுந்து, முழங்காலை மடித்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டுகிறார். பின்னால் ஒருவன் பந்தை எறிவான். அவன்மேல் ஒருவரும் பாயாமல் மறித்து நிற்பதுதான் வேலை. பனி உறைந்த தரையிலும் அப்படியே நிற்கவேண்டும். இரண்டு விரல்கள் கோணிப்போயிருக்கின்றன. கைதட்டல் எறிந்தவனுக்கு. தன் பக்கத்தால் வந்து அவனை விழுத்தியவர்கள் குறைவு என்கிறார், அதை மட்டும் கொஞ்சம் பெருமையாக.

கயிறு பிடிப்பவர் சிரிக்கவில்லை. லாஞ்சு வருகிறது. அதிலிருந்து எறிந்த கயிற்றைப் பிடித்துக் கட்டையில் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்து நிற்கிறார். சனம் லாஞ்சு ஓட்டியவருக்குத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போகிறது.

"தம்பி," கயிற்றை விடாமலே கேட்கிறார், "அவற்ற பேர் என்ன?"

அரை மணித்தியாலமாக மொழிபெயர்க்கிறேன். அதை நான் கேட்கவில்லை. கயிறு பிடிக்கும் இவருடைய பெயரையும்தான்.