நாற்பத்தொரு தட்டு லக்மான்

உல்பாலா பிறந்தபோது அவள் அப்பா மூன்று நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஏற்கெனவே நான்கு பெண்கள். அடுத்ததாவது பையனாக வரட்டும் என்று இந்த ஐந்தாவதுக்கு ‘ஆண்பிள்ளை’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். பெயர் பலித்தது. ஆறாவதாகப் பிறந்த பையன் இப்போது மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான். குடும்பத்துக்கு ஆண் வாரிசைக் கொண்டுவந்தவள் என்ற புகழோடு உல்பாலாவின் வீரச்செயல்கள் ஒன்றரை வயதிலேயே முடிந்துபோயின. அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் மாவு பிசைந்ததுதான்.

கணவாய்க்குக் கீழே, லாரிகள் மூச்சு வாங்க நிற்கும் வளைவில் அவளுடைய சாப்பாட்டுக் கடை. பக்கத்துக் கொட்டகையில் கணவன் எசென்குல் டயருக்குப் பஞ்சர் ஒட்டுவான். கடையில் ஒரே பண்டம், லக்மான். மாவைக் கயிறாகத் திரித்து, இரண்டு கையையும் அகல விரித்து இழுத்து, பலகையில் ஓங்கி அடித்து, மடித்து, மறுபடி இழுத்தால் நூல் நூலாக வரும். அதன்மேல் ஆட்டுக்கறிக் குழம்பு. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கைகள் விரிந்து மடங்கிக்கொண்டிருந்தன.

சுற்றிலும் உள்ள மலையெல்லாம் பழங்கதை வீரன் போஸ்தாய்க்குச் சொந்தம். இந்தச் சுனையில் அவர் குதிரை தண்ணீர் குடித்தது. அந்தப் பாறையில் அவர் உட்கார்ந்தார், பள்ளம் விழுந்திருக்கிறது. அவர் உட்கார்ந்த இடங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் சண்டை போட அவருக்கு நேரமே இருந்திருக்காது. அவருக்கு நாற்பது தோழர்கள். போகிற இடமெல்லாம் நாற்பதும் கூடவே போகும். ஊரே மெய்சிலிர்த்துக் கேட்கும் அவருடைய கதைப்பாட்டில் உல்பாலாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். “அந்த நாப்பது பேருக்கும் யாரு சமைச்சா?”

சாப்பிட வரும் லாரிக்காரர்களும் ஆளுக்கொரு வீரனை ஏற்றிக்கொண்டுதான் வருவார்கள்.

“எங்க ஊரு வீரன், பெத்த மகனையே ஆள் தெரியாம போர்க்களத்துல கொன்னுட்டான் அக்கா,” என்று கண்கலங்குவான் ஒரு தாஜிக்.

“வருஷத்துக்கு ஒரு வாட்டி வீட்டுக்கு வந்து போயிருந்தா முகம் தெரிஞ்சிருக்குமேடா. நீ கடைசியா எப்ப வீட்டுக்குப் போன?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு லக்மானை உறிஞ்சுவான்.

“எங்க ஆளு முப்பத்துமூணு வருஷம் குளிர் காயுற அடுப்புத் திண்ணை மேலயே உக்காந்திருந்து, ஒருநாள் எழுந்து வந்து எதிரிகளைத் துவம்சம் பண்ணிட்டான்,” என்பான் ஒரு ரஷ்யன்.

“முப்பத்துமூணு வருஷமும் அவனைச் சுத்திச் சுத்திச் சமைச்சாளே ஒருத்தி, அவளுக்குச் சிலை வச்சிருக்கீங்களா?”

பனி உருகிய சமயத்தில் அவள் வலது கை மார்புக்கு மேல் எழும்ப மறுத்துவிட்டது. தட்டு எடுக்கலாம், தலை வாரமுடியாது. மாவு இழுப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வட்டார மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஓய்வெடுக்கச் சொன்னார். மருத்துவர் நல்ல நகைச்சுவைக்காரர் என்று வழியெல்லாம் எசென்குலிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனால் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பாக்கெட் நூடுல்ஸுக்காக எந்த லாரியும் அந்த வளைவில் நிற்காது. கை போனால் கடை போச்சு.

அந்த வாரத்தில் ஒரு மதியம் மாவு மூட்டையில் சாய்ந்து கண்ணயர்ந்தபோதுதான் போஸ்தாய் கனவில் வந்தார். அவள் செய்த ஒரே தப்பு, அதை நாத்தனார் துர்கனிடம் சொன்னது.

துர்கன் டீக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “வீரன் கனவுல வந்தா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல? என் கதையைப் பாடுன்னு அர்த்தம். பாடாதவங்களுக்குக் கை கால் விளங்காது. மேலூர்க்காரன் ஒருத்தன் மாட்டேன்னான், வாய் கோணிப் போச்சு.”

“அவனைக் குதிரை உதைச்சுது மதினி.”

“குதிரையை அனுப்பினது யாரு?”

உல்பாலா எசென்குலைப் பார்த்தாள். அவன் தன் அக்காவை எதிர்த்துப் பேசிய வரலாறு கிடையாது. டயரில் ஏதோ முள்ளைத் தேட ஆரம்பித்தான்.

மேய்ச்சல் வெளியில் போஸ்தாய் திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்கே துர்கன் அவள் பெயரைப் பாடகர் பட்டியலில் சேர்த்துவிட்டாள். கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். “பாட்டு இறங்குற உடம்பு மாவு பிசையக் கூடாது. போய் மேட்டுல உக்காரு. தானா வரும்.”

உல்பாலா மேட்டில் உட்கார்ந்தாள். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் தூக்கம் வந்தது. மற்ற நாட்களிலும் அதுதான் வந்தது. நடுவில் கண் விழிக்கும்போதெல்லாம் ஒரே பயம். பாடாவிட்டால் கை போகும், பாடினால் மானம் போகும்.

திருவிழாவன்று வெள்ளைக் கம்பளிக் கூடாரத்தில் நிற்க இடமில்லை. நடுவில் பெரிய பாடகர் சபராலி உட்கார்ந்திருந்தார். ஒரே மூச்சில் அரைநாள் பாடக்கூடிய மனிதர். சின்ன வயதில் போஸ்தாய் கனவில் வந்து அவர் வாயில் ஒரு பிடி தினையைப் போட்டாராம். விடிந்தபோது தினையெல்லாம் பாட்டாகியிருந்ததாம்.

“கனவைச் சொல்லு தாயி. உனக்கு எவ்வளவு தினை குடுத்தாரு?”

“குடுக்கல ஐயா.”

கூடாரத்தில் தலைகள் திரும்பின. துர்கன் பின்னாலிருந்து கிள்ளினாள்.

“அப்போ என்னதான் பண்ணாரு?”

“நாப்பது பேரோட வந்து குதிரைங்களைத் தண்ணிக் குழாயில கட்டினாரு. உக்காந்தாரு. நாப்பத்தொரு தட்டு லக்மான்னாரு.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சபராலி சிரிக்கவில்லை. “நீ என்ன செஞ்ச?”

“என்ன செய்ய? மாவை எடுத்தேன்.”

அங்கிருந்துதான் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. அது பாட்டா பேச்சா என்று இன்றுவரை ஊரில் சண்டை. மூன்று மூட்டை மாவு, உப்புத் தண்ணீர், பிசைந்தது, ஈரத் துணி போட்டு மூடியது. நாற்பது பேரில் ஒருவன் வெங்காயம் வேண்டாம் என்றது. இன்னொருவன் தொட்டி நிறையக் குதிரைப்பால் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. எதிரி வருகிறான் என்று வாசலில் கத்தினார்கள். போஸ்தாய் வாளைத் தொட்டார். “உக்காருங்க! ஆறிப்போயிடும்!” என்று இவள் போட்ட அதட்டலில் வாள் உறைக்குள் போனது. கூடாரத்தில் முன்வரிசையில் நின்றிருந்த இரண்டு போலீஸ்காரர்களும் சட்டென்று உட்கார்ந்தார்கள்.

“எல்லாரும் எனக்குப் பயந்தவங்க. சாப்பிட்டியான்னு கேட்டது நீ ஒருத்திதான்னாரு. அப்புறம் இன்னொரு தட்டு கேட்டாரு. போட்டேன்,” என்று முடித்தபோது பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். “எண்பது வயசாச்சு. என் பாட்டுல நாப்பது பேரையும் நாளெல்லாம் சண்டை போட வச்சேன். ஒருநாளும் சோறு போடல. எனக்குத் தோணவேயில்லை தாயி,” என்றார் சபராலி.

எசென்குல் மட்டும் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாவு இழுத்த இடத்தைச் சொல்லும்போது அவள் இரண்டு கைகளும் கூடாரத்தின் அகலத்துக்கு விரிந்து, வலது கை தலைக்கு மேல் போயிருந்தது. அவளுக்கே தெரியவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததில் இம்முறை மூன்று காக்கைகள். போஸ்தாய்தான் குணமாக்கினார் என்றாள் துர்கன். மாத்திரை என்றார் மருத்துவர். எசென்குல் ரொம்ப நேரம் யோசித்து, அக்கா இல்லாத இடமாகப் பார்த்து, “பத்து நாள் நீ மாவைத் தொடல,” என்றான்.

உல்பாலா மூவரையும் பகைத்துக்கொள்ளவில்லை. போஸ்தாய் மறுபடியும் கனவில் வந்ததாகவும், இனி வாராவாரம் வரப்போவதாகச் சொன்னதாகவும் நாத்தனாரிடம் தெரிவித்தாள். துர்கனே ஆணி அடித்து மாட்டிய பலகை இப்போதும் வாரம் ஒருநாள் கடை வாசலில் தொங்குகிறது. வியாழக்கிழமைகளில் லாரிக்காரர்கள் பிரேக் போட்டு, அதைப் படித்துவிட்டு, பயபக்தியோடும் பசியோடும் கணவாய் ஏறுகிறார்கள்.

“இன்று கடை விடுமுறை. போஸ்தாய் வருகிறார்.”

உள்ளே மாவு மூட்டையில் சாய்ந்து, வலது கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்து, உல்பாலா அவருக்காகக் காத்திருக்கிறாள். குறட்டைச் சத்தம் கொட்டகைவரை கேட்கிறது.